இரத்தத்தில் அமிலம் கூடினால் மூச்சு காட்டிக்கொடுக்கும்

"காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடித்தால் இரத்தத்தில் உள்ள அமிலமெல்லாம் வெளியேறிவிடும், எந்த நோயும் கிட்ட வராது." இப்படி ஒரு செய்தி உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு முறையாவது வந்திருக்கும். அனுப்பியது அநேகமாக அக்கறையுள்ள ஒரு சித்தப்பாவாகத்தான் இருப்பார். அவர் மேல் கோபப்பட வேண்டாம். இரத்தத்தில் அமிலம் கூடுவது உண்மையிலேயே நடக்கிற விஷயம்தான். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய விஷயமும்தான். ஆனால் அது எலுமிச்சைச் சாறு குடிக்காததால் வருவதில்லை, குடிப்பதால் போவதும் இல்லை. அது எப்போது வருகிறது, வீட்டில் இருப்பவர்கள் எதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம், ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு அளவு. பள்ளியில் படித்த பி.எச். அளவுகோல் நினைவிருக்கும்: 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நம் வயிற்றில் சுரக்கும் அமிலத்தின் பி.எச். 1.5 முதல் 3.5 வரை இருக்கும். சிறுநீர் 4.5 முதல் 8 வரை எப்படி வேண்டுமானாலும் மாறும். ஆனால் இரத்தம் மட்டும் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே, அந்த ஒரு சின்னச் சந்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம்போலத் தெரியும். உண்மையில் இரத்தத்தில் அமிலம் இரண்டு மடங்காகிவிட்டது என்று அர்த்தம். 6.8-க்குக் கீழே போனால் உயிர் பிழைப்பது மிகவும் அரிது.

இந்தச் சந்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்வது இரண்டு உறுப்புகள். ஒன்று நுரையீரல். நாம் சாப்பிடும் சோறும் எண்ணெயும் எரிந்து உண்டாகும் கரியமில வாயு இரத்தத்தில் கரைந்தால் அமிலமாகும். அதை ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் வெளியே தள்ளுகிறது. இன்னொன்று சிறுநீரகம். காற்றாக வெளியேற முடியாத அமிலங்களைச் சிறுநீரில் அனுப்பிவிட்டு, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் என்ற உப்பை இரத்தத்துக்குத் திருப்பித் தருவது அதன் வேலை. நுரையீரல் சில நிமிடங்களில் வேகத்தைக் கூட்டும். சிறுநீரகம் நிதானமான ஆள்; முழுவேகம் எடுக்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும்.

இங்கேதான் நமக்கு வேண்டிய துப்பு இருக்கிறது. உடம்பில் எங்கே அமிலம் கூடினாலும் முதலில் ஓடிவருவது நுரையீரல் என்பதால், அது மூச்சில் தெரியும்.

காய்ச்சல் நாளில் நிறுத்திய இன்சுலின்

கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி. இரண்டு நாளாகக் காய்ச்சல். சோறு இறங்கவில்லை. "சாப்பிடவே இல்லையே, ஊசி போட்டா சுகர் இறங்கிடும்ல?" என்று அம்மா கேட்கிறார். நியாயமான கேள்வியாகத்தான் தெரிகிறது. ஊசியை நிறுத்துகிறார்கள். அடுத்த நாள் வாந்தி, வயிற்று வலி. அன்று இரவு பையன் கஷ்டப்பட்டு, ஆழமாக, வேகவேகமாக மூச்சு வாங்குகிறான். வீட்டில் எல்லோரும் "வீசிங்" என்று நினைக்கிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து இன்ஹேலர் வருகிறது.

நடந்தது வேறு. இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் செல்களுக்குள் அது போக முடியாது. பட்டினி என்று நினைத்து உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். கொழுப்பு அவசரமாக எரியும்போது கீட்டோன் என்ற அமிலங்கள் குவியும். பைகார்பனேட் அவற்றோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். கரியமில வாயுவையாவது வெளியே தள்ளி அமிலத்தைக் குறைப்போம் என்று நுரையீரல் முழுவீச்சில் இறங்கும். அந்த மூச்சுக்கு, அதை 1874-ல் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மாலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வீசிங்கில் மூச்சை விடும்போது விசில்போலச் சத்தம் வரும், காற்று போகவர இடமில்லாமல் திணறும். குஸ்மால் மூச்சில் காற்று தாராளமாகப் போய்வரும். ஆனால் ஓடிவந்தவர்போல இளைப்பு நிற்காது. சிலரிடம் மூச்சில் அழுகிய பழ வாடையோ, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடையோ வரும். எல்லோராலும் அதை முகர்ந்து உணர முடியாது. வாடை இல்லை என்பதால் தைரியமாக இருந்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் இதற்குச் சிகிச்சை என்ன தெரியுமா? அமிலத்தை முறிக்கும் ஊசி அல்ல. உப்புநீர் டிரிப்ஸ், நரம்பு வழியாகச் சிறிது சிறிதாக இன்சுலின், பொட்டாசியம். இன்சுலின் கிடைத்ததும் கொழுப்பு எரிவது நிற்கும்; ஏற்கெனவே குவிந்த கீட்டோனையே உடம்பு பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுப்பதால், இரத்தத்தில் அது சட்டென்று இறங்கி இதயத் துடிப்பைக் கெடுக்கலாம். அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். "எத்தன தடவைதான் குத்துவாங்க?" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். சோடியம் பைகார்பனேட் ஊசி மிகக் கடுமையான நிலையில் மட்டுமே யோசிக்கப்படும்.

ஆக, டைப் 1 உள்ளவர்கள் காய்ச்சல் வந்தாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை முற்றிலும் நிறுத்தவே கூடாது. அளவை வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டு மாற்றலாம். இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சுகர் பாருங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். ஊசி மருந்து தீர்ந்துவிட்டது என்பதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் இன்சுலின் இலவசம்.

டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு தகவல். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடியும் மாத்திரைகள் இப்போது பரவலாகத் தரப்படுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள். ஆனால் இவற்றைச் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடந்தாலோ, வாந்தி பேதியில் வறண்டுபோனாலோ, குளுக்கோமீட்டரில் சுகர் 200-க்குள் காட்டும்போதே கீட்டோன் அமிலம் கூடலாம். "சுகர் கட்டுலதானே இருக்கு" என்று மெஷினை நம்பி வீட்டில் இருந்துவிடுகிறார்கள். உடம்பு முடியாத நாட்களிலும், அறுவை சிகிச்சைக்கு முன்பும், நீண்ட விரதத்துக்கு முன்பும் இந்த மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மெட்ஃபார்மினுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும்

பி.எச். அளக்கும் கருவி உங்கள் வீட்டில் இல்லை. தேவையும் இல்லை. கையில் போன் இருக்கிறதல்லவா? ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, நோயாளி சும்மா படுத்திருக்கும்போது வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அவரிடம் சொல்லாமல் எண்ணுவது நல்லது. சொன்னால் மூச்சு தானாக மாறிவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. ஓய்வில் இருக்கும்போதே 25-ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். 30-ஐத் தொட்டாலோ, மூச்சோடு சேர்ந்து பேச்சு குழறினாலோ, மந்தமாகத் தூங்கி வழிந்தாலோ 108. குழந்தைகளின் கணக்கு வேறு: இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேகமூச்சுதான்.

சந்தேகமாக இருந்தால் அரை நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "மூச்சு ஒரு மாதிரி இருந்துச்சு டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த வீடியோ ஆயிரம் மடங்கு உதவும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் இருக்கும் மருந்து

வயிற்றுப்போக்கில் தண்ணீர் மட்டும் போவதில்லை. குடலில் சுரக்கும் பைகார்பனேட்டும் சேர்ந்து போகிறது. அதனால் பேதி கடுமையான குழந்தை வறண்டுபோவதோடு வேகமாக மூச்சும் விடும். சளி பிடித்திருக்கிறது என்று தவறாக நினைத்துவிடுவதும் உண்டு.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்று இருந்தால் அது உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவை. கடைசியில் இருக்கிற சிட்ரேட்தான் நம் கதாநாயகன். அது கல்லீரலில் பைகார்பனேட்டாக மாறி, பேதியில் இழந்ததை ஈடுகட்டுகிறது. வீட்டில் கலக்கும் உப்பு-சர்க்கரைத் தண்ணீரில் (ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, எல்லாம் தலை தட்டி) இந்தச் சிட்ரேட்டும் பொட்டாசியமும் இருக்காது. பாக்கெட் வந்து சேரும் வரை அதைக் கொடுக்கலாம், தப்பில்லை.

பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்குங்கள். "கொஞ்சமா போட்டு கொஞ்சமா கலக்கலாம்" என்ற சிக்கனம் இங்கே ஆகாது. அளவு தப்பினால் பேதி கூடும். கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். கடையில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கியவர்கள் நிறையப் பேர். பானங்களின் பெயரில் அந்தச் சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உண்மையான பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும், துத்தநாக மாத்திரையோடு.

சிட்ரேட் என்றதும் உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும்: எலுமிச்சையிலும் அதுதானே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் பேதியானவருக்கு பைகார்பனேட் குறைந்துபோயிருக்கிறது, அதனால் பயன்படுகிறது. ஆரோக்கியமானவருக்குக் குறையே இல்லை. கூடுதலாக வந்ததைச் சிறுநீரகம் அப்படியே வெளியே அனுப்பிவிடும். சிறுநீரில் காகிதத்தை நனைத்து "பாருங்க, காரமா மாறிடுச்சு" என்று காட்டுகிறார்களே, மாறியது சிறுநீர்தான்; இரத்தம் அல்ல. எலுமிச்சைச் சாறு நல்ல பானம், தாகத்துக்குக் குடியுங்கள். இந்த 'காரமாக்கும்' வைத்தியத்தைப் பரப்பிய அமெரிக்கர் ராபர்ட் யங், உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததற்காக 2016-ல் கலிபோர்னியாவில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அவர் பேச்சைக் கேட்டு மார்பகப் புற்றுநோய் சிகிச்சையைக் கைவிட்ட ஒரு பெண்ணுக்கு 10.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2018-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. பணம் வரலாம், பரவிவிட்ட புற்றுநோய் திரும்பிப் போகாது.

சிறுநீரகம், சாராயம்

நாள்பட்ட சிறுநீரக நோயில் அமிலம் சத்தமில்லாமல் கூடும். சோர்வு, பசியின்மை, கொஞ்சம் நடந்தாலே இளைப்பு, நாளாக நாளாக எலும்பும் தசையும் தேய்வது என்று மெதுவாகத்தான் தெரியும். இரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட் 22-க்குக் கீழே இறங்குகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். தேவைப்பட்டால் சோடியம் பைகார்பனேட் மாத்திரை தருவார். "ஆப்பசோடாவும் அதுதானே, வீட்டிலேயே கலக்கிக் குடிக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. பொருள் அதுவேதான். ஆனால் அதில் உள்ள சோடியம் காலில் வீக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அளவு தவறினால் எதிர்ப்பக்கம் கவிழ்ந்துவிடும். இளநீரும் அப்படித்தான். நமக்கு அமிர்தம், பொட்டாசியம் கூடியிருக்கும் சிறுநீரக நோயாளிக்கு ஆபத்து. டயாலிசிஸ் தேவைப்படுபவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். விவரத்துக்கு 1800 425 3993. வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் அதற்கான பைகள் வீடு தேடி வருகின்றன.

கள்ளச்சாராயத்தில் கலந்த மெத்தனால் கல்லீரலுக்குப் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. குடித்த உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் மறுநாள், வயிற்று வலி, வாந்தி, வேகமூச்சு, கண்ணில் பனிமூட்டம் படர்ந்ததுபோல மங்கல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படித்தான் போனார்கள். அந்த மாற்றத்தைத் தடுக்கும் மருந்து, பைகார்பனேட், டயாலிசிஸ் என்று சிகிச்சை இருக்கிறது; ஆனால் நேரம்தான் எல்லாம். "போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று பயந்து ஒளித்துவைத்த ஒவ்வொரு மணி நேரமும் பார்வையையும் உயிரையும் தின்கிறது. கூடக் குடித்தவர்களுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

ஆக்சிமீட்டர் சொல்லாத சேதி

இதுவரை நுரையீரல் உதவிக்கு வந்தது. நுரையீரலே பழுதானால்? பல வருடம் பீடி புகைத்தவர், விறகடுப்புப் புகையில் சமைத்த பாட்டி, காசநோயால் நுரையீரல் தழும்பானவர்: இவர்களுக்குக் கரியமில வாயு வெளியேறாமல் தேங்கி அமிலமாகும். அளவுக்கு மேல் தூக்க மாத்திரை சாப்பிட்டாலும், நல்லபாம்போ கட்டுவிரியனோ கடித்து மூச்சுத் தசைகள் செயலிழந்தாலும் இதே கதிதான். இங்கே மூச்சு வேகமாக இருக்க வேண்டும் என்பதில்லை; மேலோட்டமாக, சோர்ந்துபோனதாக இருக்கும். காலையில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம் என்று போகும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஆக்சிமீட்டர் ஆக்சிஜனைத்தான் காட்டும். தேங்கிய கரியமில வாயுவைக் காட்டாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு 98 வர வேண்டும் என்று ஃப்ளோவை ஏற்றிக்கொண்டே போனால் கரியமில வாயு இன்னும் தேங்கி மயக்கத்தில் போய்விடலாம். அவர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாக வைக்கும் இலக்கு 88 முதல் 92 வரை. எண் குறைவாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். சொன்ன ஃப்ளோவை மாற்ற வேண்டாம்.

இந்த வித்தியாசம் புரிய மருத்துவ உலகத்துக்கே நாளாயிற்று. 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசை செயலிழந்தவர்களின் இரத்தத்தில் பைகார்பனேட் அதிகமாக இருந்தது. காரம் கூடிவிட்டது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன்தான், இல்லை, இது தேங்கிய கரியமில வாயுவின் அடையாளம், இவர்களுக்கு மூச்சுதான் வேண்டும் என்றார். 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்தார். அவள் தேறினாள். அதன் பிறகு மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், வாரக்கணக்கில் நோயாளிகளுக்குப் பை அமுக்கினார்கள். இன்றைய ஐ.சி.யு.வின் தொடக்கம் அதுதான்.

எதிர்ப்பக்கம்

காரம் கூடுவதும் உண்டு. தொடர்ந்து வாந்தி எடுத்தால் வயிற்று அமிலம் வெளியே போய் இரத்தம் காரமாகும். உப்புநீரும் பொட்டாசியமும் ஏற்றினால் சரியாகும். பிறந்து மூன்று முதல் ஆறு வாரம் ஆன குழந்தை, பால் குடித்ததும் தூரப் பீய்ச்சியடிப்பதுபோல வாந்தி எடுத்தால், அது வெறும் கக்கல் அல்ல. இரைப்பையின் வாய் தடித்து அடைத்திருக்கலாம், உடனே காட்ட வேண்டும். நீர் பிரியும் மாத்திரைகளாலும், நெஞ்செரிச்சலுக்கு அளவில்லாமல் சோடா உப்பு சாப்பிடுவதாலும் காரம் கூடும்.

பதற்றத்தில் படபடவென்று மூச்சு வாங்கினாலும் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, உதடு மரத்து, விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடச் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும். சினிமாவில் பார்த்ததுபோல காகிதப் பையை முகத்தில் வைக்காதீர்கள். பதற்றம் என்று நீங்கள் நினைத்தது மாரடைப்பாகவோ, நாம் மேலே பார்த்த கீட்டோன் அமிலமாகவோ இருந்தால் பை கெடுதல் செய்துவிடும். முதல் முறை வந்தால் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஏ.பி.ஜி. என்ற பரிசோதனை செய்வார்கள். மணிக்கட்டில் நாடி பார்க்கிற இடத்தில் உள்ள தமனியிலிருந்து எடுப்பதால் வழக்கமான ஊசியைவிட வலிக்கும். எடுத்த பிறகு சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பி.எச்., கரியமில வாயு (35 முதல் 45 இயல்பு), பைகார்பனேட் (22 முதல் 26) என்று மூன்று எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும். ஒரு எண்ணை மட்டும் போட்டோ எடுத்து குழுவில் போட்டு, "இது நார்மலா?" என்று கேட்பதில் பயனில்லை.

108-ஐ அழைக்கும்போது மூச்சு எண்ணிக்கை, சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உண்டா, கடைசியாக எப்போது ஊசி போட்டது, என்ன சாப்பிட்டது அல்லது குடித்தது ஆகியவற்றைச் சொல்லுங்கள். அவசரம் இல்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது என்றால் 104. மாத்திரை அட்டைகளை எல்லாம் இன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் அவசரத் தகவல் என்று ஒரு பகுதி இருக்கும்; அதில் நோயின் பெயர், மருந்து, ஒரு உறவினரின் எண் ஆகியவற்றை நிரப்பினால் போன் பூட்டியிருக்கும்போதும் மற்றவர்கள் பார்க்க முடியும். வீட்டில் இன்சுலின் போடுபவர் யாராவது இருந்தால், அவர் போனை வாங்கி முதலில் அதை நிரப்பிக் கொடுங்கள்.